மாப்பிள்ளை கேட்கிற பாட்டு

சின்ன மாமா சைக்கிளைப் படலையோடு சாத்திவிட்டு உள்ளே வந்தபோதே முகம் சரியில்லை. சேர்ட்டின் மேல் பொத்தானைக் கழற்றி, கதிரையில் இருந்து, அம்மா கொடுத்த தேநீரை ஊதி ஊதி அரைவாசி குடிக்கும்வரை அவர் வாய் திறக்கவில்லை. அம்மாவும் நானும் அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். என் தங்கை மலர் அடுக்களைக்குள் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இந்தக் கதைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்று காட்டத்தான் அந்தத் துருவல். ஆனால் மாமா கோப்பையைக் கீழே வைத்த சத்தம் கேட்டதும் துருவுகிற சத்தம் நின்றுவிட்டது.

"ஆள் உழைப்பாளி," என்றார் மாமா கடைசியில். "குடி இல்லை. வெத்திலைகூடப் போடுறேல்லை. பஸ் சொந்த பஸ். சனத்தோடை மரியாதையாக் கதைக்கிறான்."

"பிறகென்ன?" என்றாள் அம்மா.

"பாட்டுச் சரியில்லை, அக்கா."

"என்ன பாட்டு?"

"பஸ்ஸிலை போடுற பாட்டு. சாவகச்சேரியிலை ஏறி யாழ்ப்பாணம் மட்டும் போனன். திரும்பி அதே பஸ்ஸிலை வந்தன். போகேக்கையும் குத்துப்பாட்டு, வரேக்கையும் குத்துப்பாட்டு. என்ரை நெஞ்சுக்குள்ளை இப்பவும் அடிக்குது, தொட்டுப் பார்."

அம்மா தொட்டுப் பார்க்கவில்லை.

"இடுப்பாட்டிற பாட்டைக் காலமை ஏழு மணிக்குப் போடுறவன் வீட்டிலை எப்பிடி இருப்பான்? பாட்டைப்போலைதான் மனிசன்," என்று மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டு மிச்சத் தேநீரைக் குடித்தார்.

மலர் வெளியே வந்தாள். கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. "அம்மா, உந்தச் சத்தத்துக்குள்ளை என்னாலை சீவிக்கேலாது," என்றாள். "இதோடை காணும். இனி ஒருத்தருக்கும் முன்னாலை என்னைக் கொண்டுபோய் நிப்பாட்டாதேங்கோ."

கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்குக் கோபப்படத் தெரியாது. தான் படிப்பிக்கிற முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளிடம் "இண்டைக்கு இவ்வளவும் காணும், வீட்டை போங்கோ" என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயம் பிடித்தது. ஏற்கெனவே மூன்று சம்பந்தம் வந்து தவறிப்போயிருந்தன. ஒன்று சீதனத்தில் முறிந்தது, ஒன்று செவ்வாயில் முறிந்தது, மற்றதில் மாப்பிள்ளை வேறு ஆளை விரும்பியிருந்தார். மலருக்கு முப்பத்தைந்து நடந்துகொண்டிருந்தது. ஒரு கதவைச் சாத்தினாளென்றால் திரும்பத் திறக்கிற ஆள் அவளில்லை.

விசாரணைக் கமிஷன்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் பலாப்பழம் பற்றி எழுதியபோது சின்ன மாமாவைக் கொஞ்சம் கூடவே புகழ்ந்துவிட்டேன். அந்தப் பக்கத்தை வெட்டி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறார் என்று கேள்வி. இந்த வாரம் கணக்கைச் சமப்படுத்திவிடுகிறேன்.

எங்கள் தென்மராட்சிப் பக்கத்தில் சாதகம் பொருந்திவிட்டால் மட்டும் போதாது. மாப்பிள்ளையை விசாரிக்க வேண்டும். அதற்கென்று குடும்பத்துக்கு ஒரு ஆள் இருப்பார். மாப்பிள்ளையின் ஊர்ச் சந்திக் கடையில் சோடா குடித்துக்கொண்டே நாலு பேரிடம் கதை பிடுங்குவார். வேலைத்தலத்துக்குப் போய், யாரென்று காட்டாமல் ஒரு ஓரமாக நின்று பார்ப்பார். எங்கள் குடும்பத்தின் விசாரணைக் கமிஷன் சின்ன மாமாதான்.

அவருடைய விசாரணை முழுக்கப் பிழை என்றும் சொல்ல முடியாது. என் கலியாணத்தின்போது, மாப்பிள்ளைக்கு வலது காது கொஞ்சம் மந்தம் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். அது உண்மை. இன்றுவரை நான் என் மனிசருக்கு இடது பக்கமாகத்தான் நடக்கிறேன். மனிசர் எந்தப் பாட்டிலும் முதல் வரியை மட்டும்தான் முணுமுணுப்பார். இரண்டாவது வரியை அவர் வாயால் நான் இன்னும் கேட்கவில்லை.

மலருக்குப் பேசிய மாப்பிள்ளையின் பெயர் சிவநேசன். கொடிகாமத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஓடுகிற ஒரு மினிபஸ்ஸின் சொந்தக்காரர், சாரதியும் அவரே. தாய் தகப்பன் இல்லை. ஒரு அக்கா மட்டும்.

எங்கள் வீதியில் ஓடுகிற மினிபஸ்களுக்கு இலக்கம் இருக்கிறது, முன்னால் கொட்டை எழுத்தில் பெயரும் இருக்கிறது. ஆனால் சனம் அடையாளம் வைத்திருப்பது பாட்டால்தான். பழைய பாட்டு பஸ் ஒன்று, சாமிப்பாட்டு பஸ் ஒன்று. சிவநேசனுடையதற்கு இடி பஸ் என்று பெயர். நான் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன், போய்வருவது அரசாங்க பஸ்ஸில். அதில் பாட்டு இல்லை, தகரம் மட்டும்தான் பாடும். அதனால் மாப்பிள்ளையை நான் கண்டதில்லை.

அப்பாவின் கால்

பாட்டைப்போலைதான் மனிசன் என்ற மாமாவின் வசனம் அந்தக் கிழமை முழுக்க என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் நான் எப்படிப்பட்ட ஆள்?

என் சின்ன வயதில், யுத்த காலத்தில், எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை. பற்றரி என்ற சாமானைக் கண்ணால் காணக் கிடைக்காது. சைக்கிளின் பின்சில்லு நிலத்தில் முட்டாமல் ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து, கசற் ரெக்கோடருக்குக் கொடுத்துப் பாட்டுக் கேட்டவர்கள் நாங்கள். எங்கள் வீட்டில் மிதிப்பது அப்பா. தோட்டத்தில் இருந்து வந்து, கால் கழுவி, அந்த எங்கும் போகாத சைக்கிளில் ஏறி இருப்பார்.

அப்பாவின் கால் வேகமாகப் போனால் பாடகரும் விறுவிறுவென்று பாடுவார். கால் தளர்ந்தால் அவருக்கும் களைப்பு வந்துவிடும். குரல் தாழ்ந்து, சொல் இழுபட்டு, வயலின் ஏதோ கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி வரும். வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக் களைத்து வந்த நாட்களில் பாட்டு மிகவும் மெல்லத்தான் போகும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கசற். அதில் நான் உயிரை விட்ட பாட்டு ஒன்று இருந்தது. ஒரு ஆள் ஆற்றங்கரையில் நின்று யாருக்கோ காத்திருக்கிறார். அவ்வளவு ஆறுதலாக, அவசரமில்லாமல் காத்திருந்த ஒருவரை நான் பிறகு கண்டதில்லை.

பல வருடம் கழித்து, மின்சாரம் வந்த பிறகு, அதே பாட்டை ஒரு தேநீர்க் கடை வாசலில் கேட்டேன். அந்த மனிதர் நாய் துரத்துகிற மாதிரிப் பாடிக்கொண்டிருந்தார். காத்திருக்கிற ஆளாக இல்லை, பஸ்ஸைத் தவறவிட்ட ஆளாக இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னுடைய பாட்டை யாரோ கெடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பாதான் அதை மெல்லப் பாடவைத்தார் என்று விளங்க நேரமெடுத்தது. அப்போது அப்பா இல்லை.

இன்றைக்கும் எனக்கு மெல்லப் போகிற பாட்டுத்தான் பிடிக்கும். என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். நான் வாயாடி, அவசரக்காரி. மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வைத்தியர் எழுதின துண்டை வாசிப்பேன் என்று கடை முதலாளி பகிடி பண்ணுவார். மாமாவின் விதிப்படி பார்த்தால் நான் ஒரு ஆமையாக அல்லவா இருந்திருக்க வேண்டும். எனக்குள் இருக்கிற அந்தக் கொஞ்ச ஆறுதல் அப்பாவின் களைத்த காலில் இருந்து வந்தது. அதைப் பாட்டுக் கேட்கும்போது மட்டும்தான் வெளியே எடுக்கிறேன்.

சொல்லிவிட்டு வருகிற சத்தம்

மலர் என்னைவிடப் பத்து வயது இளையவள். டைனமோக் காலத்தில் அவள் மடியில் கிடந்த குழந்தை. வளர்ந்த பிறகும் அவள் பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்காது. இந்தப் பெண்ணுக்குப் பிடித்தது என்ன தெரியுமா? தவில். நாதஸ்வரம்கூட இரண்டாம் பட்சம்தான். நாலைந்து தவில் சேர்ந்து ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகிற மேளச் சமா என்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

திருவிழாவில் பெண்கள் சாமிக்குப் பின்னால் போவார்கள், இல்லாவிட்டால் கச்சான் கடலைக் கடைக்குப் போவார்கள். மலர் மேளக்காரருக்கு முன்னால் மணலில் போய் இருப்பாள், சுற்றிவர ஆண்கள். வலது கை விரல்கள் மடியில் தாளம் எண்ணிக்கொண்டிருக்கும். "பொம்பிளைப்பிள்ளை அதுக்குள்ளை ஏன் இருக்கிறாள்" என்று ஊரில் நாலு பேர் கேட்டார்கள். அம்மாவும் கேட்டாள். மலர் அடுத்த திருவிழாவுக்கும் போய் இருந்தாள்.

இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

அவளுக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். தென்மராட்சியே இடம்பெயர்ந்த நாட்கள். நாங்கள் தொண்டைமானாற்றுக்குக் கிட்ட ஒரு கோயில் மடத்தில் பாய் விரித்திருந்தோம். தூரத்தில் செல் குண்டு விழும். ஒவ்வொரு சத்தத்துக்கும் மலர் காதைப் பொத்திக்கொண்டு என் மடிக்குள் புகுந்துவிடுவாள். கதவு அடித்தாலும் அப்படித்தான், தேங்காய் விழுந்தாலும் அப்படித்தான்.

மடத்துக்குப் பின்வீட்டில் ஒரு தவில்காரர் குடியிருந்தார். காலையில் வாசித்துச் சாதகம் பண்ணுவார். அவர் அடிக்கத் தொடங்கிய முதல் நாள் நான் பதறிப்போய் மலரைத் தேடி ஓடினேன். அவள் வேலியோரம் நின்றாள். கைகள் காதில் இல்லை, வேலிக் கிடுகைப் பிடித்திருந்தன.

"பயமில்லையோ?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. உது சொல்லிப்போட்டு வருது."

"எது?"

"உந்தச் சத்தம். எப்ப வரும் எண்டு முதலே சொல்லிப்போட்டுத்தான் வருது."

தாளம் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. செல் சொல்லாமல் வந்தது, தவில் சொல்லிவிட்டு வந்தது. அந்த மடத்தில் இருந்த காலம் முழுக்க மலர் காலையில் வேலியோரம் போய் நிற்பாள். அதற்குப் பிறகுதான் அவள் இரவில் அழாமல் தூங்கத் தொடங்கினாள்.

அப்படியென்றால் குத்துப்பாட்டிலும் தாளம் இருக்கிறதே, அது ஏன் ஆகாது என்று நீங்கள் கேட்கலாம். மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போன பிறகு நானும் மலரிடம் அதைக் கேட்டேன்.

"அதிலை மனிசர் இல்லை அக்கா," என்றாள். "மெசின் அடிக்குது. கேக்கிற ஆள் களைச்சுப்போச்சு எண்டு மெசினுக்குத் தெரியாது."

இஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில்

எனக்கு மனம் கேட்கவில்லை. அடுத்த கிழமை ஒரு பின்னேரம், வேலை முடிந்து, அரசாங்க பஸ்ஸை விட்டுவிட்டு இடி பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். விசாரணைக் கமிஷனுக்கு மேல்முறையீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் வருமுன்னே பாட்டு வந்தது. ஏறினேன். பின்னால் ரியூசன் பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். எனக்கு முன்னால், இஞ்சின் பெட்டிக்குப் பக்கத்து இருக்கை கிடைத்தது. முன் கண்ணாடியில் பிள்ளையாரும் மாதாவும் அருகருகே, நடுவில் பிளாஸ்ரிக் மல்லிகை மாலை. சிவநேசனுக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கண் வீதியை விட்டு அசையவில்லை. பாட்டுக்குத் தலை ஆடுகிறதா, விரல் தட்டுகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஆடிக்கொண்டிருந்தது கொண்டக்டர். அறுபது தாண்டிய மனிதர், வெள்ளைத் தலை, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உருத்திராட்சம். தேவாரம் பாடுகிறவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிள்ளைகள் அவரை மணியண்ணை என்று கூப்பிட்டார்கள். செம்மணி தாண்டியதும் அவர் முன்னால் வந்து, கை நீட்டிச் சத்தத்தை இன்னும் கூட்டினார். நாவற்குழிப் பாலத்தில் கடல் காற்று வந்து முகத்தில் அடித்தது. அந்தக் காற்றையும் கேட்க முடியவில்லை.

"என்ன தங்கச்சி, முகத்தைச் சுழிக்கிறியள்?" என்று மணியண்ணை என் காதருகில் கத்தினார்.

"ஒண்டுமில்லை அண்ணை. டிரைவர் தம்பிக்கு இந்தப் பாட்டெண்டால் நல்ல விருப்பமோ?"

அவர் சிரித்த சிரிப்பில் பல்செட் ஆடியது. "உவருக்கோ? உவருக்கு ஒரு பாட்டும் வேண்டாம். உது முழுக்க என்ரை கலெக்சன்." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "பென் டிரைவ் ரெண்டு வைச்சிருக்கிறன். காலமைக்கு ஒண்டு, பின்னேரத்துக்கு ஒண்டு."

ஆக, எங்கள் சின்ன மாமா யாழ்ப்பாணம் வரை போய், திரும்பி வந்து, நெஞ்சு அடிக்க அடிக்க விசாரித்தது கொண்டக்டரை.

எனக்குச் சிரிப்பு வந்தது. மணியண்ணை அதைத் தன் பாட்டுக்கான பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, இஞ்சின் பெட்டியின் ஓரத்தில் சாய்ந்து நின்று கதைத்தார். "பெடியள் ரெண்டும் கனடாவிலை. மனிசி கண்ணை மூடிட்டா. வீட்டை போனால் பல்லி சொல்லுறதுதான் சத்தம். ஆடுற பாட்டைப் போட்டால் ஒரு கலியாண வீட்டுச் சனம் கூட வாற மாதிரி இருக்கும், தங்கச்சி." இதைச் சொல்லும்போதும் அவருடைய தோள் தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டின் மேல் எனக்கு முகம் சுழிக்க முடியவில்லை.

சாவகச்சேரியில் பஸ்ஸை நிறுத்தியதும் மணியண்ணை தேநீர் குடிக்க இறங்கினார். அவர் கால் நிலத்தில் பட்டதுதான் தாமதம், சிவநேசனின் கை போய்ப் பாட்டை நிறுத்தியது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலையைச் சரித்து, கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். நித்திரை கொள்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, பாட்டு?" என்று பின்னால் ஒரு பிள்ளை கேட்டது.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றார். பிறகு, யாருக்கு என்றில்லாமல், "பெல்ட் கத்துது. பாட்டுக்குள்ளை கேக்கேல்லை," என்றார்.

நானும் காதைக் கொடுத்தேன். இஞ்சினின் உறுமலுக்கு அடியில் மெல்லியதாக ஒரு கீச்சு இருந்தது. அவர் சொல்லியிராவிட்டால் எனக்குக் கேட்டிருக்காது.

"பாட்டுப் போடாமல் ஓடலாந்தானே, தம்பி?" என்றேன்.

"ஓடலாம் அக்கா. ரியூசன் பிள்ளையள் மற்ற பஸ்ஸுக்குப் போயிடுவினம்." வெளியே தேநீர்க் கடைப் பக்கம் பார்த்தார். "மணியண்ணையும் வாடிப்போவார்."

நான் யார் என்று சொல்லாமல் மீசாலையில் இறங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் நடந்ததை வீட்டில் சொன்னேன். மாமாவும் அப்போது அங்கே இருந்தார். தோல்வியை ஒப்புக்கொள்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "பாட்டே பிடிக்காதவனோ? அது அதைவிட ஆபத்து," என்றார்.

"நீ பேசாமல் இரு. உன்ரை விசாரணை கண்டது காணும்," என்றாள் அம்மா.

மலர் வாசலில் நின்றாள். "என்ன கத்தினதெண்டு சொன்னனீங்கள்?" என்று கேட்டாள்.

"பெல்ட்."

"அதைக் கேக்கத்தான் பாட்டை நிப்பாட்டினவரோ?"

"ஓம்."

அவள் உள்ளே போய்விட்டாள். அடுத்த நாள் காலை, அலுமாரியைத் திறந்துகொண்டு, "கோயிலுக்கு எந்தச் சீலை உடுக்கிறது?" என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். அலுமாரிக் கதவின் பின்னால் நின்றதால் மலர் எங்களைப் பார்க்கவில்லை.

மணலில் இருந்த பெண்

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது கோயிலில். இரண்டு பகுதியும் அம்மனைக் கும்பிட வந்த மாதிரி வரவேண்டும். தற்செயலாகச் சந்தித்த மாதிரிச் சிரிக்க வேண்டும். அது தற்செயல் இல்லை என்று கச்சான் விற்கிற பெண்ணுக்கும் தெரிந்திருக்கும், ஆனாலும் யாரும் அதைச் சொல்லக்கூடாது.

நாளைக் குறித்தது சின்ன மாமா. திருவிழா நாள், சனம் நிறைய இருக்கும், ஒருவரும் கவனிக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டார். அன்று வெளியூரில் இருந்தெல்லாம் மேளம் வருகிறது என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

ஐந்து மணி என்று பேச்சு. ஐந்தரையாகியும் மாப்பிள்ளை பகுதியைக் காணவில்லை. நாங்கள் வசந்த மண்டபத்துக்கு அருகில், பார்ப்பதற்கு வசதியாக, வரிசையாக நின்றோம். வெளிவீதியில் மேளம் தொடங்கியது. மலர் அசையாமல்தான் நின்றாள். ஆனால் சீலை மடிப்பில் அவளுடைய விரல்கள் எண்ணத் தொடங்குவதை நான் கண்டேன். அம்மா பூத்தட்டைக் கேட்டாள், எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். மலர் இல்லை.

தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வெளிவீதி மணலில், மேளக்காரருக்கு நேர் முன்னால், பார்க்கப்படுவதற்கென்றே உடுத்திய மயில் நீலச் சீலையோடு சப்பாணி கட்டி இருந்தாள். சுற்றிவர மேலில் சால்வை போட்ட ஆண்கள். மாமா தலையில் கைவைத்துக்கொண்டார்.

அவளுக்குப் பின்னால் கொஞ்சத் தூரத்தில் சிவநேசன் நின்றார், பக்கத்தில் அவருடைய அக்கா. எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை. அவர் என்னைக் கண்டார், அடையாளமும் கண்டுகொண்டார். எனக்கு முகம் சுட்டது.

"கூப்பிடட்டோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"வேண்டாம் அக்கா. முடியட்டும்."

நின்றார். தவில்கள் ஒன்றுக்கொன்று கேள்வி கேட்டு, பதில் சொல்லி, ஒன்றையொன்று துரத்தின. இவருக்கு இது விளங்குகிறதா என்று நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளங்குகிற மாதிரித் தெரியவில்லை. நடுவில் ஒரு இடத்தில் மலரின் விரல் நின்றது. அவள் கரையில் இருந்த தவில்காரரைத் திரும்பிப் பார்த்தாள். நான் சிவநேசனைப் பார்த்தேன். பஸ்ஸில் கண்ட அதே சரிவில் அவர் தலை சரிந்திருந்தது, அதே தவில்காரரின் பக்கம்.

மேளம் ஓய்ந்ததும் மலர் சீலையில் மணலைத் தட்டிக்கொண்டு எழும்பினாள். திரும்பினாள். எதிரே அவர். எங்கள் எல்லோரையும் கண்டதும்தான் தான் எதற்காகக் கோயிலுக்கு வந்தாள் என்பது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் வெளிறிப்போய் நின்றாள்.

"எனக்கு மேளம் விளங்காது," என்றார் சிவநேசன். "ஆனால் அந்தக் கரையிலை இருக்கிறவரின்ரை தவில், இடையிலை சத்தம் மாறின மாதிரிக் கிடந்தது. பிழையெண்டால் குறை நினையாதேங்கோ."

"பிழையில்லை," என்றாள் மலர். "ஈரக் காத்துக்குத் தோல் இளகிப்போட்டுது. அவர் சமாளிச்சு வாசிச்சவர்."

ஒரு புது ஆளிடம் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. மாமா இடையில் புகுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவருடைய கையைக் கிள்ளினாள்.

"உங்கடை பஸ்ஸிலை போடுற பாட்டு," என்று தொடங்கினாள் மலர்.

"நிப்பாட்டிப்போடுவன்," என்றார் அவர் உடனே. "நீங்கள் சொன்னால் நாளைக்கே நிப்பாட்டிப்போடுவன்."

அவருடைய அக்காவின் முகத்தில் பயம் தெரிந்தது. இந்தச் சம்பந்தம் தன் தம்பிக்கும் கடைசிச் சம்பந்தம் என்று அந்த மனிசி பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்.

மலர் தலையை ஆட்டினாள். "நிப்பாட்ட வேண்டாம். பிள்ளையள் ஏறமாட்டினம். அந்த அண்ணைக்கும் வீட்டிலை ஒருத்தரும் இல்லையாம். கொஞ்சம் குறைச்சால் காணும்."

"எவ்வளவு குறைக்க?"

அவள் யோசித்தாள். விரல் சீலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டுவதை நிறுத்தவில்லை.

"உங்களுக்கு இஞ்சின் கேக்கிற அளவுக்கு," என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். கச்சான் விற்கிற பெண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது இடி பஸ்

இப்போதெல்லாம் நான் இடி பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். சத்தம் கூட்டுகிற திருகிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது. கலியாணத்துக்கு மலர் பூசிய நகப்பூச்சின் மிச்சம். அந்தப் புள்ளிவரை மணியண்ணை கூட்டலாம், அதைத் தாண்டக்கூடாது. முதலில் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மலர் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. போன திருவிழாவில் மலருக்குப் பக்கத்தில் மணலில் இருந்து, தவிலுக்குத் தோளை ஆட்டிக்கொண்டிருந்தார். சின்ன மாமாவோ, அந்தச் சம்பந்தத்தைத் தானே விசாரித்து முடித்ததாக ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

சென்ற மாதம் ஒரு பின்னேரம். மழைக்குணம், சனம் குறைவு. சாவகச்சேரியில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். மணியண்ணை பின் இருக்கையில் கண்ணயர்ந்திருந்தார். சிவநேசன் பாட்டை நிறுத்திவிட்டு, பஸ்ஸை எடுக்காமல், தன்னுடைய போனைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மலர் சொன்னவா, உங்கடை அப்பா சைக்கிள் மிதிச்சவர் எண்டு," என்றார். "இதிலை பாட்டின்ரை வேகத்தைக் குறைக்கலாம் அக்கா. எவ்வளவெண்டு எனக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்லோணும்."

ஆற்றங்கரையில் காத்திருக்கிற என்னுடைய ஆள் பாடத் தொடங்கினார், அதே நாய் துரத்துகிற வேகத்தில். சிவநேசன் விரலால் இழுத்தார். பாட்டு ஓடுவதை விட்டு நடக்கத் தொடங்கியது.

"இதுவோ?"

"இன்னும் கொஞ்சம்."

"இதுவோ?"

குரல் தாழ்ந்தது. சொல் இழுபட்டது. வயலின் கிணற்றுக்குள் இறங்கியது. சிவநேசன் தலையைச் சரித்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், பெல்ட் கத்துகிறதா என்று கேட்கிற மாதிரி.

"ஓம் தம்பி, இதுதான்," என்றேன். "அப்பா தோட்டத்தாலை வந்திட்டார்."